வழக்கைக் கைவிட்ட வாதி: ஓசியா இரண்டாம் அதிகாரத்தைத் திருப்பணியில் வாசித்தல்

மணமுறிவு கோரி நீதிமன்றம் சென்ற கணவனோ மனைவியோ மனம் மாறித் தம் மனுவைத் திரும்பப் பெறும்போது திருச்சபை மகிழ்கிறது. ஆயர் அதை நன்றி அறிவிப்பில் சேர்க்கிறார். குருசேகரக் குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைக்கின்றனர். இம்மகிழ்ச்சி இயல்பானதே, அதனைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆனால் இத்தகைய மனமாற்றத்தை வேண்டியும் பாராட்டியும் நம் மேடைகளில் மிகுதியாக எடுத்தாளப்படும் திருமறைப் பகுதி ஓசியா இரண்டாம் அதிகாரமாகும். நாம் அதன்மேல் ஏற்றிச் சொல்லும் பொருளை அப்பகுதி உண்மையில் தாங்குகிறதா என்பது ஆராயத்தக்கது. இப்பகுதியைப் பிரசங்கிக்கும் மரபைக் குறித்த ஒரு திறனாய்வாகவே இதனை எழுதுகிறோம்.

அம்மரபின் உருவம் யாவரும் அறிந்ததே. கோமேர் துரோகம் செய்தாள். ஓசியா அவளை மன்னித்து மீண்டும் ஏற்றுக்கொண்டான். ஆதலால் நீயும் மன்னித்து வழக்கைக் கைவிடு என்பது அதன் சுருக்கம். இது யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது? குடியினாலும் அடியினாலும் நொந்து மனுத்தாக்கல் செய்த மனைவியை நோக்கியே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அப்பொழுது அவள் ஓசியாவின் இடத்தில் நிறுத்தப்படுகிறாள். மன்னிப்பது அவள் கடமையாகிறது. மாறாக, வழக்குத் தொடுத்தவன் கணவனாயின், அவள் தானாகவே கோமேரின் இடத்திற்குப் போய்விடுகிறாள். மனந்திரும்புவது அவள் கடமையாகிறது. எவ்வழியிலும் இழப்பவள் அவளே. ஒரே பகுதி எதிரெதிரான இரு நிலைகளிலும் ஒரே ஆளையே பணியவைக்குமானால், வாசிப்பில் எங்கோ பிழையுள்ளது என்று ஐயுறுவது இறையியல் மாணவனின் கடமை.

இனிப் பகுதிக்கு வருவோம். இரண்டாம் வசனத்தில் வரும் 'ரீப்' என்னும் எபிரெய வினை, வழக்காடுதலைக் குறிக்கும் சொல். ஊர் வாசலில் மூப்பர் முன்னிலையில் ஒருவன் தன் குற்றச்சாட்டை எடுத்துரைக்கும் காட்சி இச்சொல்லின் பின்னணியில் உள்ளது. அதனையடுத்து, இவள் எனக்கு மனைவியல்ல, நான் இவளுக்குக் கணவனல்ல என்னும் கருத்துடைய வாசகம் வருகிறது. இதனை மணமுறிவு வாய்பாடு என்று கொள்வோர் உளர். எகிப்தின் தென்னெல்லையில், நைல் நதித் தீவாகிய எலிபன்டைனில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூதக் குடியினரின் அரமேயப் பத்திரங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றின்படி கணவனாயினும் மனைவியாயினும் சபையில் எழுந்து நின்று தன் துணையை வெறுப்பதாக அறிவித்து மணத்தை முறிக்கலாம். அவ்வாறு அறிவித்தவர் 'வெறுப்பின் வெள்ளி' எனப்படும் தொகையைச் செலுத்த வேண்டும். வாய்மொழி அறிவிப்புக்கு இத்தகைய ஆற்றல் இருந்ததால் ஓசியாவின் வாசகமும் அவ்வகையினதே என்பது அவர்தம் வாதம். ஆனால் ஹான்ஸ் வால்ட்டர் வொல்ஃப் போன்ற உரையாசிரியர்கள் வேறு விதமாகக் கண்டனர். மணத்தை முறிப்பதே நோக்கமானால் அவளைத் திருத்துவதற்கான வேண்டுகோள் ஏன் உடனே தொடர வேண்டும்? வழக்கின் உள்நோக்கம் அவளைத் திரும்பப் பெறுவதே என்றனர். நம் கருத்துப்படி இவ்விரண்டையும் ஒன்றையொன்று விலக்குவனவாகக் கொள்ள வேண்டியதில்லை. மணமுறிவு வழக்குகளைச் சற்றேனும் அருகிலிருந்து கண்டவர்கள், வாதியே தான் வேண்டுவது யாதென்று அறியாது பேசும் நாட்கள் உண்டென்பதை அறிவர். இரண்டாம் அதிகாரத்தின் முற்பாதி அவ்வாறான பேச்சு.

அப்பேச்சில் முதலில் அழைக்கப்படுவோர் பிள்ளைகள் என்பதை நாம் எளிதில் கடந்துபோகிறோம். தாயோடு வழக்காடும்படி தகப்பன் பிள்ளைகளை ஏவுகிறான். யெஸ்ரயேல், லோருகாமா, லோகம்மீ என்று அவனே அவர்களுக்கு இட்ட பெயர்கள், தெருவில் ஒவ்வொரு முறை அழைக்கப்படும்போதும் வீட்டின் சண்டையை ஊருக்கு அறிவிப்பவை. இரக்கம் பெறாதவள் என்று அழைக்கப்பட்டு ஒரு பெண்குழந்தை வளர்கிறாள். அதோடு நில்லாமல், நான்காம் வசனத்தில் பிள்ளைகள்மேலும் இரங்கமாட்டேன் என்கிறான் வாதி. சாட்சிகளாக அழைக்கப்பட்டவர்களே தண்டனைக்கும் உள்ளாகின்றனர். அதிகாரத்தின் கடைசி வசனங்களில் வழக்கு முடிவுறும்போது இப்பெயர்கள் ஒவ்வொன்றாகத் திருத்தப்படுவதையும் இதனோடு சேர்த்து வாசிக்க வேண்டும். வாதியின் மனமாற்றம் மனைவியோடு முடிந்துவிடவில்லை; பிள்ளைகள்மேல் தான் ஏற்றிவைத்த பெயர்களையும் அவன் எடுத்துவிட வேண்டியதாயிற்று. நம் பிரசங்கங்களில் இது ஏறக்குறைய இடம்பெறுவதேயில்லை.

இப்போது பகுதியின் நடுவான கேள்வி: வழக்கு எங்கே, எதனால் நின்றது?

எபிரெயத்தில் 'லாகேன்', அதாவது 'ஆகையால்', என்னும் சொல் இவ்வதிகாரத்தில் மும்முறை வருகிறது. ஆறாம் வசனத்தில் முதலாவது: அவள் தன் நேசர்களைப் பின்பற்றுவேன் என்றாள், ஆகையால் அவள் வழி முட்களால் அடைக்கப்படும். ஒன்பதாம் வசனத்தில் இரண்டாவது: தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் யாரால் வந்தனவென்று அவள் அறியவில்லை, ஆகையால் அவை பறிக்கப்படும். குற்றத்தைக் கூறி 'ஆகையால்' என்று தீர்ப்புக்குச் செல்வது தீர்க்கதரிசிகளின் வழக்கமான நடை. பதின்மூன்றாம் வசனம் குற்றச்சாட்டின் உச்சத்தில், அவள் என்னை மறந்தாள் என்ற வார்த்தையோடு நிற்கிறது. மூன்றாவது 'ஆகையால்' வருகிறது. கேட்போர் மிகக் கடுமையான தீர்ப்பை எதிர்பார்க்கின்றனர். அவ்விடத்தில் வாதி, அவளை வனாந்தரத்துக்கு அழைத்துச் சென்று அவளோடு அன்பாய்ப் பேசப்போவதாகக் கூறுகிறான்.

இவ்விடத்தில் 'ஆனாலும்' என்று கொண்டு வாசிப்பது தமிழ்க் காதுக்கு இயல்பாக உள்ளது. தர்க்கத்தின் முரண் மறைந்து வாக்கியம் ஒழுங்காகிறது. ஆனால் அந்த முரணிலேதான் இப்பகுதியின் உயிர் இருக்கிறது. அவள் மறந்தாள், ஆகையால் நான் அவளை நாடுவேன் என்பது எந்த நீதிமன்றமும் ஒப்புக்கொள்ளாத வாதம். பதின்மூன்றாம் வசனத்திற்கும் பதினான்காம் வசனத்திற்கும் இடையில் பிரதிவாதி ஒன்றும் செய்யவில்லை. அவள் அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, வாக்குக் கொடுக்கவில்லை. மாறியது வாதியின் உள்ளம் மட்டுமே.

ஏழாம் வசனத்தில் அவள் தன் முதற்கணவனிடம் திரும்புவேன் என்கிறாளே, அது மனந்திரும்புதல் அல்லவா என்று கேட்கலாம். கேட்பதுமட்டுமன்று, பெரும்பாலான பிரசங்கங்கள் அவ்வசனத்தையே அதிகாரத்தின் திருப்புமுனையாக்குகின்றன. ஆனால் சூழலைக் கவனியுங்கள். முட்களால் வழி அடைபட்டு, நேசர்களைத் தேடியும் காணாது, அப்போது எனக்கு இதைவிட நன்றாயிருந்தது என்று கணக்கிட்டுத் திரும்ப எண்ணுகிறாள் அவள். போக்கிடமின்மையால் வந்த முடிவு அது. அத்தகைய திரும்புதலால் வழக்கு நின்றதா? நிற்கவில்லை. அடுத்து வருவது இரண்டாவது 'ஆகையால்', குற்றச்சாட்டு தொடர்கிறது. வேறு வழியின்றித் திரும்பி வருதலைத் திருமறையின் இப்பகுதி ஒப்புரவு என்று கொள்ளவில்லை. கைச்செலவுக்குப் பணமின்றி, தாய்வீட்டில் இடமின்றி, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வழியின்றி மனுவைத் திரும்பப் பெறும் பெண்ணின் செயலை நாம் ஏழாம் வசனத்தோடு ஒப்பிடலாம். பதினான்காம் வசனத்தோடு ஒப்பிடலாகாது. அவளுடைய வழியில் முள்வேலியிட்டவர்கள் யார் என்பதையும் ஆயர் விசாரிக்க வேண்டும்.

வாதியின் உள்ளம் மாறியது என்றோம். இதற்குரிய மிகத் துல்லியமான சொல் பதினோராம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தில் உள்ளது. அங்கே உருவகம் கணவன்–மனைவி அன்று, தந்தை–மகன். ஆயினும் உள்ளத்தின் நிகழ்ச்சி ஒன்றே. தம் இருதயம் தமக்குள்ளே புரண்டுபோயிற்று என்கிறார் ஆண்டவர். 'ஹாபக்' என்னும் அவ்வினை, ஆதியாகமம் பத்தொன்பதாம் அதிகாரத்தில் சோதோம் கவிழ்க்கப்பட்டதைச் சொல்லும் அதே வினை. அவ்வசனத்தில் பெயர் கூறப்படும் அத்மாவும் செபோயீமும் சோதோமோடு கவிழ்க்கப்பட்ட ஊர்கள். ஆகவே எப்பிராயீம்மேல் விழ வேண்டிய கவிழ்ப்பு ஆண்டவருடைய இருதயத்தின்மேலேயே விழுகிறது. தமிழில் 'மனம் மாறினான்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தாலுகா அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தை மாற்றிக் கொடுப்பதுபோல அது ஒலிக்கிறது. ஓசியாவின் சொல்லோ ஊர் அழிவதற்குரிய சொல். மாறுகிறவனுக்கு அது இழப்பாகும்.

பதினான்காம் வசனத்திலுள்ள 'இருதயத்தோடு பேசுதல்' என்னும் எபிரெய மரபுத்தொடர் இனிமையானது. ஏசாயா நாற்பதாம் அதிகாரத்தில் எருசலேமுக்கு உரைக்கப்படும் ஆறுதலிலும் அது வருகிறது. ஆனால் எல்லா இடங்களிலும் அது நற்செய்தியன்று. சீகேம் தீனாளைத் தீட்டுப்படுத்தியபின் அவள் இருதயத்தோடு பேசினான் என்கிறது ஆதியாகமம். நியாயாதிபதிகள் பத்தொன்பதாம் அதிகாரத்தில், தன்னைவிட்டுத் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்ட பெண்ணைத் தேடி ஒரு லேவியன் நான்கு மாதம் கழித்து வேலைக்காரனோடும் இரண்டு கழுதைகளோடும் புறப்படுகிறான். அவள் இருதயத்தோடு பேசி அழைத்துவரவே அவன் போனதாக ஆசிரியர் கூறுகிறார். எபிரெயப் பிரதி அவள்மேல் வேசித்தனக் குற்றம் சுமத்துகிறது. கிரேக்கப் பிரதிகளில் ஒன்றோ அவள் கோபங்கொண்டு போனதாகச் சொல்கிறது. மாமனார் மகிழ்ச்சியோடு மருமகனை வரவேற்கிறார். ஐந்தாம் நாள்வரை உண்பதும் குடிப்பதும் நடைபெறுகின்றன. ஆண்கள் இருவரும் ஒப்புரவாகிவிட்டனர். லேவியன் அவளோடு பேசினதாக ஒரு வரியும் இல்லை. அவள் பேசினதாகவும் இல்லை. அவள் கழுதைகளோடு புறப்படுகிறாள். அன்றிரவே கிபியாவில் அவளைப் பிடித்து வெளியே விடுகின்றனர். விடியும்போது வாசற்படியில் விழுந்து கிடக்கிறாள்.

இக்கதையை ஓசியா அறிந்திருந்தார் என்று எண்ண இடமுண்டு. ஒன்பதாம் அதிகாரத்திலும் பத்தாம் அதிகாரத்திலும் கிபியாவின் நாட்களை இஸ்ரவேலின் பாவத்துக்கு அளவுகோலாக அவர் காட்டுகிறார். ஆதலால் இரண்டாம் அதிகாரத்தில் அதே மரபுத்தொடரை அவர் எடுத்தாளும்போது, அதன்பின் வருகிறவற்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். லேவியன் பேசப்போனான், பேசவில்லை. ஓசியாவின் வாதி பேசப்போவதாகச் சொல்வதோடு நில்லாமல், தான் கொடுக்கப்போவதையும் விட்டுவிடப்போவதையும் எண்ணிச் சொல்கிறான்.

அவன் விட்டுவிடுவது 'பாகாலி' என்னும் அழைப்பை. பதினாறாம் வசனத்தில் இனி அவள் அவனை 'ஈஷி' என்றே அழைப்பாள். இரண்டு சொற்களும் கணவனைக் குறிப்பனவே. ஆயின் முன்னது உடைமையாளன், எஜமான் என்னும் பொருளுடையது, பின்னது 'என் ஆண்' என்னும் பொருளுடையது. பாகால் வழிபாட்டை ஒழித்தலே இங்கு முதற்பொருள் என்பது மெய். ஆயினும் தீர்க்கதரிசி அதனை வீட்டுக்குள் புழங்கும் ஒரு அழைப்புச் சொல்லின் மூலமாகவே சொல்லத் துணிந்தார் என்பதை எளிதாக ஒதுக்கிவிடலாகாது. மீண்டும் கூடும் வீட்டில் எஜமானனுக்கு இடமில்லை.

அவன் கொடுப்பது பரிசம். பத்தொன்பதாம், இருபதாம் வசனங்களில் நியமித்தல் என்று மும்முறை வரும் வினை, கன்னிப்பெண்ணைப் பரிசங்கொடுத்து நியமிப்பதற்குரியது. நீதி, நியாயம், கிருபை, உருக்க இரக்கம், உண்மை ஆகியவற்றின் முன்னே நிற்கும் எபிரெய இடைச்சொல், தாவீது மீகாளுக்காகக் கொடுத்த விலையைச் சொல்லும் இடத்திலும் வருகிறது. எனவே இவை மணமகன் தன் கையிலிருந்து செலுத்தும் பரிசப் பொருள்கள். பழைய மணம் அப்படியே தொடர்வதாக ஆண்டவர் கூறவில்லை. முதல் நாளிலிருந்து, முழு விலையையும் செலுத்தி, மீண்டும் மணம் பேசுகிறார். நம் நாட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. நின்றுபோன வழக்குக்குப்பின் பெண்ணை மீண்டும் அழைத்துக்கொள்ள, விட்டுப்போன நகையையும் கூடுதல் பணத்தையும் பெண்வீட்டாரிடம் கேட்கும் பழக்கம் நம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் உண்டு. சில இடங்களில் ஊழியரும் மூப்பரும் முன்னிலை வகிக்கின்றனர். அந்தப் பேச்சுவார்த்தையின் முடிவில் ஓசியாவிலிருந்து வாசித்து ஜெபிப்பது பொருந்துமா என்று கேட்க விரும்புகிறோம்.

பதினெட்டாம் வசனத்தில் வில்லும் பட்டயமும் முறிக்கப்படுகின்றன. அதன்பின்னரே நியமிப்பு வருகிறது. உருவகத்தை அளவுக்குமீறி இழுக்கலாகாது. அங்கே பேசப்படுவது நாடுகளின் யுத்தம். எனினும் அச்சமின்றிப் படுத்துறங்குதல் முதலில், மணம் அதன்பின் என்னும் வரிசை தற்செயலானதாக நமக்குத் தோன்றவில்லை.

இவ்வளவும் கூறியபின், இவ்வதிகாரத்தில் மூடி மறைக்கவியலாத ஒரு பகுதி உண்டென்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்றாம் வசனத்திலும் பத்தாம் வசனத்திலும் மனைவியை நிர்வாணமாக்கிப் பிறர்முன் வெட்கப்படுத்துவதாகக் கணவன் மிரட்டுகிறான். பின்பு இனிமையாகப் பேசுகிறான். ரெனிடா வீம்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பெண் இறையியலறிஞர் 1995-இல் வெளியிட்ட நூலில் தீர்க்கதரிசிகளின் இவ்வகை மண உருவகங்களை ஆராய்ந்து, அடியும் அணைப்பும் மாறிமாறி வரும் வன்முறை வீடுகளின் நடப்பு இவற்றில் தெரிவதைச் சுட்டினார். இவ்வாய்வைப் 'பெண்ணியம்' என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடும் போக்கு நம் கல்லூரிகளிலும் இருந்ததுண்டு. அது நியாயமன்று. அடித்த கணவன் மறுநாள் புடவை வாங்கி வருவதை அறிந்த பெண், பத்தாம் வசனத்திலிருந்து பதினான்காம் வசனத்துக்குச் செல்லும்போது நாம் கேளாத ஒன்றைக் கேட்கிறாள். நாம் வீம்ஸ் அவர்களோடு முற்றும் உடன்படாத இடம் ஒன்றே. இவ்வுருவகத்தின் முதற்கேட்போர் இஸ்ரவேலின் ஆசாரியரும் அரசரும் மூப்பருமாகிய ஆண்கள். ஊர் வாசலில் நீதி வழங்கும் ஆண்களைத் தீர்க்கதரிசி குற்றஞ்சாட்டப்பட்ட மனைவியின் இடத்தில் நிறுத்துகிறார். ஆகையால் நம் ஆலயத்தில் ஆண்கள் பகுதியில் அமர்ந்திருக்கும் எந்தக் கணவனும் இவ்வதிகாரத்தில் ஆண்டவருடைய இருக்கையில் அமர இடமில்லை; அவனுடைய இடம் கோமேரின் இடம். இவ்வாறு வாசிப்பதால் மிரட்டலின் கொடுமை குறைந்துவிடாது. ஆனால் அந்த மிரட்டலை எடுத்துப் பயன்படுத்தும் உரிமை அவனுக்கு இல்லாமற்போகும்.

மனமாற்றத்தால் மணமுறிவை நிறுத்துவது குறித்து யூத மரபு சட்டமாகவே சிந்தித்துள்ளது. உபாகமம் இருபத்துநான்காம் அதிகாரத்தின்படி தள்ளிவிடுதலுக்கு மூன்று படிகள் உண்டு: சீட்டை எழுதுதல், அவள் கையில் கொடுத்தல், வீட்டிலிருந்து அனுப்புதல். எழுதுவதற்கும் கொடுப்பதற்கும் இடையில் மனம் மாறினால் என் செய்வது? மிஷ்னாவின் கித்தீன் என்னும் பகுதி, நான்காம் அதிகாரத்தில் இதற்கு விடை கூறுகிறது. தள்ளுதற்சீட்டைத் தூதன் வழியாக அனுப்பியவன், அது மனைவியின் கையைச் சேருமுன் தூதனை எட்டிப்பிடித்தோ, வேறொருவனை அனுப்பியோ அது செல்லாதென்று அறிவித்தால் அது செல்லாது. அவள் கையை அடைந்தபின் அவனால் அதனைச் செல்லாததாக்க முடியாது. முற்காலத்தில் கணவன் வேறோர் ஊரில் ஒரு நீதிசபையைக் கூட்டி அங்கேயே சீட்டை ரத்துச் செய்வதும் நடந்தது. மூத்த கமாலியேல் அதனைத் தடைசெய்தார். உலகத்தின் ஒழுங்குக்காக அவ்வாறு செய்தார் என்று மிஷ்னா காரணம் காட்டுகிறது.

தடைக்குக் காரணம் எளிது. மனம் மாறிய கணவன் இருந்த இடத்திலேயே ரத்துச் செய்துவிடுகிறான், மனைவிக்குத் தெரியாது. தூதன் சீட்டைக் கொண்டுவந்து கொடுக்கிறான். தான் விடுதலையானதாக நம்பி அவள் மறுமணம் செய்கிறாள். அவள் அறியாமலே விபசாரியாகிறாள். அவள் பிள்ளைகள் முறைகேடாய்ப் பிறந்தவர்களாகின்றனர். கணவனின் உள்ளம் உண்மையாகவே மாறியிருக்கலாம். அவனுடைய நல்லெண்ணத்தைக் கமாலியேல் ஐயுறவில்லை. அந்த நல்லெண்ணம் மறுபக்கத்தில் இருப்பவளுக்குத் தெரியாமல் செயற்படுமானால் அது அவளுக்குக் கண்ணியாகும் என்றே அவர் கண்டார். பவுல் இவருடைய பாதத்தருகே கற்றவர் என்பதை நினைவிற்கொள்வது நன்று. மணவாழ்வைக் குறித்த சட்டம் மனிதரைக் காக்கும்படி திருத்தப்படலாம் என்பதை அந்தப் பள்ளி அறிந்திருந்தது.

இனி நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். மாணவர்கள் இதனை அறியாமலேயே ஊழியத்துக்குச் செல்கின்றனர்; ஆதலால் சில குறிப்புகள் தேவை. கிறிஸ்தவர்களுக்குரிய 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம் 2001-இல் திருத்தப்படும்வரை, கணவன் மனைவியின் விபசாரத்தைக் காட்டினாற் போதும். மனைவியோ விபசாரத்தோடு கொடுமை, கைவிடல் முதலிய வேறொன்றையும் சேர்த்துக் காட்ட வேண்டியிருந்தது. திருத்தத்தால் இவ்வேற்றுமை நீங்கியது. கொடுமை தனிக் காரணமாயிற்று. இருவரும் இசைந்து மணமுறிவு கோரும் 10ஏ பிரிவும் சேர்க்கப்பட்டது. இப்பிரிவின்படி கூட்டாக மனுச்செய்தபின், ஆறு மாதத்துக்கு முன்னும் பதினெட்டு மாதத்துக்குப் பின்னும் இன்றி இருவரும் மீண்டும் நீதிமன்றத்தை நாட வேண்டும். இடைக்காலம் மனமாற்றத்துக்கு விடப்பட்ட இடைவெளி என்று கொள்ளலாம். இதையொத்த இந்துத் திருமணச் சட்டப் பிரிவைக் குறித்து 1991-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு கவனிக்கத்தக்கது. தீர்ப்பாணை வழங்கப்படும்வரை இசைவு நீடிக்க வேண்டும், ஒருவர் தனித்தும் தம் இசைவைத் திரும்பப் பெறலாம் என்றது அத்தீர்ப்பு. அவ்வழக்கில் இசைவைத் திரும்பப் பெற்ற மனைவி, தன் வாக்குமூலம் அச்சுறுத்தலால் பெறப்பட்டதென்று கூறியிருந்தார். அங்கே மனமாற்றம் என்பது பிறர் வாயால் பேசியவள் தன் வாயால் பேசத் தொடங்கியது.

மன்னிப்பைச் சட்டம் எவ்வாறு அளக்கிறது என்பதும் சுவையானது. 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, மீண்டும் கூடி வாழத் தொடங்கினாலன்றி, அல்லது கூடி வாழ்தல் தொடர்ந்தாலன்றி, விபசாரம் பொறுத்துக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படாது. வாயால் மன்னித்தேன் என்பது போதாது. மேலும், இந்துத் திருமண வழக்கொன்றில் 1975-இல் உச்ச நீதிமன்றம், இவ்வாறான பொறுத்துக்கொள்ளுதல் நிபந்தனைக்குட்பட்டதே என்றது. குற்றம் மீண்டும் நிகழுமானால் பொறுக்கப்பட்ட பழைய குற்றமும் உயிர்பெறும். ஏழெழுபது தரம் மன்னிப்பதைக் கற்பிக்கும் நமக்கு இது குறுகிய மன்னிப்பாகத் தோன்றலாம். ஆனால் சட்டத்தின் பார்வையில் ஒரு நேர்மை இருக்கிறது. மன்னித்தவள் தன் பாதுகாப்பையும் சேர்த்து விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று அது எண்ணவில்லை.

இதைவிட நடைமுறைக்கு அவசரமான ஒன்று உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி, புதிய வழக்குத் தொடுக்க நீதிமன்றத்தின் அனுமதி பெறாமல் ஒருவர் தம் வழக்கைத் திரும்பப் பெற்றால், அதே காரணத்தின்மேல் மீண்டும் வழக்குத் தொடுக்கும் உரிமையை இழக்க நேரிடும். ஆயருடைய சொல்லைக் கேட்டு, பாடுகளின் வாரத்தில் மனமுருகி, வழக்கறிஞரிடமும் சொல்லாமல் மனுவைக் கைவிட்ட பெண் ஆறு மாதம் கழித்துத் திரும்ப வந்தால் அவள் கையிலிருந்த ஆயுதம் போய்விட்டிருக்கும். அவளுக்கு ஆலோசனை சொல்லுமுன் அவளுடைய வழக்கறிஞரோடு பேசும்படி அனுப்புவது விசுவாசக் குறைவன்று. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் உரியது என்பதையும், மணமுறிவு கோராமலே அதன்கீழ்ப் பாதுகாப்பு ஆணை பெறலாம் என்பதையும் அவளுக்குச் சொல்ல வேண்டும். வழக்கை நிறுத்துவதும் வீட்டுக்குத் திரும்புவதும் வேறுவேறு செயல்கள். ஒன்று மற்றொன்றை உடனே வேண்டி நிற்பதில்லை.

ஓசியாவின் மூன்றாம் அதிகாரம் இதற்கு இணங்கவே செல்கிறது. அங்கு குறிக்கப்படும் பெண் கோமேரா என்பது அறிஞரிடையே இன்னும் முடிவுறாத வழக்கு. நாம் அவளே என்று கொள்கிறோம். பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து அவளைப் பெற்றவன், உடனே கூடி வாழவில்லை. அநேக நாள் அவள் காத்திருக்க வேண்டும். தானும் அவள்பொருட்டு அவ்வாறே இருப்பதாகக் கூறுகிறான். பொறுத்துக்கொள்ளுதலைக் கூடிவாழ்தலால் அளந்த 1869-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இந்த நீண்ட இடைவெளி புரிந்திராது. நம் குருமனைகளிலும் இதற்கு இடமளிப்பது அரிதாயிருக்கிறது. மாலையில் சமாதானம் பேசி முடித்தால் அன்றிரவே அவளைப் பெட்டியோடு அனுப்பிவைக்கவே நாம் பழகியுள்ளோம். அந்தப் பெட்டியை ஒரு மாதம் தாய்வீட்டில் வைத்திருக்கச் சொல்வதற்கு ஆயருக்குத் துணிவு வேண்டும். மாமியார் வீட்டார் குருசேகரத்தில் செல்வாக்குடையோராயிருந்தால் அதிகத் துணிவு வேண்டும்.

இரண்டாம் அதிகாரத்தின் பதினைந்தாம் வசனத்திலுள்ள ஒரு வினையைப் பற்றிச் சொல்லி நிறுத்துகிறோம். வனாந்தரத்தில் அவள் இளமையின் நாளில் செய்ததுபோல 'ஆனா' செய்வாள் என்கிறது எபிரெயம். இவ்வினைக்குப் பாடுதல் என்றும் பதில் அளித்தல் என்றும் பொருளுண்டு. பாடுவாள் என்று கொள்வது பழைய மொழிபெயர்ப்பு மரபு. ஆயினும் இருபத்தொன்று, இருபத்திரண்டாம் வசனங்களில் வானம் பூமிக்கும் பூமி தானியத்துக்கும் மறுமொழி கொடுக்கும் இடத்தில் இதே வினை ஐந்துமுறை வருவதால், பதில் அளிப்பாள் என்பதே இங்கும் பொருந்தும் என்று கருதுகிறோம். வாதி வழக்கைக் கைவிட்டான், எஜமான் பெயரைக் கைவிட்டான், பரிசத்தை முன்வைத்தான். இப்போது அவள் பேச வேண்டும். அவள் என்ன சொன்னாள் என்பதை இரண்டாம் அதிகாரம் எழுதவில்லை. மூன்றாம் அதிகாரமும் எழுதவில்லை.